புற்றுநோய் பேக்கேஜ் எங்களிடம் ஏன் இல்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல். “ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடுமாமே, அந்தப் பேக்கேஜ் உங்களிடம் ஏன் இல்லை?” என்கிறார்கள். இல்லை என்றதும் அடுத்தது வரும்: “அரசாங்கங்களும் கர்ப்பப்பை வாய், மார்பு, குடல் என்று இரண்டு மூன்றைத்தான் பார்க்கின்றன. மற்றதெல்லாம் புற்றுநோய் இல்லையா? செலவுக்குப் பயந்துதானே?”

செலவும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது புரிந்துவிட்டால், நாங்கள் எதைச் செய்கிறோம், எதைச் செய்ய மறுக்கிறோம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைக் கூப்பிட்டுச் செய்வது. மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, மலத்தில் ரத்தம் போகிறது, மாதவிலக்கு நின்று வருடங்களான பிறகு ரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் எடை இறங்குகிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் கீழே சொல்லப்போகும் வயது வரம்பு, இடைவெளி எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. லேபுக்கு வராமல் நேரே மருத்துவரைப் பாருங்கள். போன மாதம் எடுத்த ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும் போங்கள்.

சரி, தொந்தரவு இல்லாதவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

1968இல் வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். எந்த நோய்க்கு ஸ்கிரீனிங் வைக்கலாம் என்பதற்குப் பத்து விதிகள் அதில் இருக்கின்றன. நோய் பெரிய பிரச்சினையாக இருக்க வேண்டும், அறிகுறி தலைகாட்டும் முன்பே பிடிக்கக்கூடிய ஒரு கட்டம் அதற்கு இருக்க வேண்டும், பிடித்தால் கொடுக்கச் சிகிச்சை இருக்க வேண்டும், யாருக்குச் சிகிச்சை தருவது, யாரை விட்டுவிடுவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பல நாட்டு அரசுகளின் கொள்கைக் குழுக்கள் இதை வைத்துத்தான் பேசத் தொடங்குகின்றன. கவனித்தால், ‘நல்ல பரிசோதனை ஒன்று கையில் இருக்கிறதா’ என்பது பத்தில் ஒன்றுதான். பேக்கேஜ் விற்கிறவர்கள் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேருக்குச் சோதனை செய்கிறோம், அவர்களில் பத்துப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பரிசோதனை அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லிவிடும். விளம்பரப் பலகையில் எழுதினால் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சமுள்ள 9,990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தப்பாக ‘இருக்கலாம்’ என்று வரும். அது ஏறக்குறைய 500 பேர். ஆக, கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வெளியே போகிறவர்கள் 509 பேர், அவர்களில் நோயுள்ளவர்கள் 9 பேர். மற்ற 500 பேர் ஸ்கேன், பயாப்சி என்று அலைவார்கள். வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. இதையே நோய் அதிகம் வரக்கூடிய வயதினரிடம் மட்டும் செய்தால் இந்த விகிதம் ஓரளவு சீராகும். அரசுத் திட்டங்களில் ‘இந்த வயது முதல் இந்த வயது வரை’ என்று கோடு போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது கண்ணுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. ஒருவருக்கு 67 வயதில் அறிகுறி தெரிந்து, 70இல் இறக்கிறார். நோய் தெரிந்தபின் மூன்று வருடம் வாழ்ந்தார் என்று கணக்கில் எழுதுவோம். அவருக்கே 60 வயதில் ஸ்கிரீனிங்கில் கண்டுபிடித்து, அவர் அதே 70இல் இறந்திருந்தால், பத்து வருடம் வாழ்ந்ததாக எழுதுவோம். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த வருடங்கள்தான் கூடின. ‘சீக்கிரம் கண்டுபிடித்தோம், இத்தனை வருடம் வாழ்கிறார்கள்’ என்ற புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று வல்லுநர்கள் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். சோதனை செய்த கூட்டம், செய்யாத கூட்டம் என்று குலுக்கல் முறையில் பிரித்து, கடைசியில் எந்தக் கூட்டத்தில் சாவு குறைந்தது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பேக்கேஜ்களில் தவறாமல் இடம்பிடிக்கும், சினைப்பைப் புற்றுநோயைத் தேடும் சிஏ 125 சோதனைக்கு அப்படி ஒரு ஆய்வு நடந்தது. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்தார்கள். எல்லாரும் மாதவிலக்கு நின்றவர்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ 125 ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். இன்னொரு பிரிவுக்கு ஸ்கேன் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2021இல் இறுதி முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனை செய்த பிரிவில் சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பக் கட்டத்திலேயே கூடுதலாகப் பிடித்தார்கள், அது உண்மை. ஆனால் இறப்பு குறையவில்லை. மருத்துவர்களே எதிர்பார்க்காத முடிவு. அப்புறம், சிஏ 125 என்பது மாதவிலக்கு நாட்களிலும், கர்ப்பத்திலும், கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற சாதாரணப் பிரச்சினைகளிலும் ஏறும். குடல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஇஏ, புகைபிடிப்பவர்களுக்கு ஏறியிருக்கலாம். பிராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ, வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி வெறுமனே வீங்கினாலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். ரிப்போர்ட் தாளில் தடித்த எழுத்தில் ஒரு எண்ணும், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் அச்சாகும்போது இந்த விளக்கமெல்லாம் கூடவே அச்சாவதில்லை.

தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. ஆனால் ‘வந்ததுதான் வந்தீர்கள், கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவமனைகள் கூடவே கொடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆகிவிட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவே இல்லை. அந்தச் சின்னஞ்சிறு கட்டிகளில் பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்யாமல் கடைசிவரை அங்கேயே கிடந்திருக்கும். தெரிந்துபோனதால் வெட்டினார்கள். வெட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். நூற்றுக்கு 11 பேருக்குப் பக்கத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டது, இரண்டு பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014இல் மருத்துவர்களே கூடி ‘போதும்’ என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் அறுவைச் சிகிச்சைகள் கணிசமாகக் குறைந்தன. எங்களைப் பொறுத்தவரை ‘கூடவே ஒன்று’ என்று விற்பதற்கு எதிரான வாதம் இதைவிட வேறு வேண்டியதில்லை.

ஜப்பானில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைத் தேடும் திட்டம் 1980களில் நாடு முழுக்க நடந்தது. தானாகவே கரைந்துபோகக்கூடிய கட்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியதும் 2004இல் நிறுத்திவிட்டார்கள். ஓர் அரசு தன் திட்டத்தைத் தானே மூடுவது லேசுப்பட்ட காரியமா?

இவ்வளவு சொன்னதால் ஸ்கிரீனிங்கே வேண்டாம் என்கிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நோய்களுக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதல் உதாரணம். அதற்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ் தொற்றி, உடம்பைவிட்டுப் போகாமல் தங்கி, புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். பிடிப்பதற்கு அவ்வளவு நீண்ட அவகாசம். திண்டுக்கல் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் முறையைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்பிவி சோதனை செய்தாலே இறப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று 2009இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கில் 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை நல்ல தரமான சோதனை என்று இருப்பது இந்த மாதிரி ஆதாரங்களின் பலத்தில்தான். ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் இரண்டு ஆண்டுக்கு ஒரு பாப் ஸ்மியரை (கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) விட்டுவிட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு எச்பிவி சோதனைக்கு மாறியது. 2022 முதல் சாம்பிளைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குடல் புற்றுநோயும் அதே மாதிரி நிதானமாக வருவது. குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி புற்றாக மாறப் பத்து வருடம்கூட ஆகும். பார்த்ததும் அகற்றிவிட்டால் புற்றே வராமல் தடுக்கலாம். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் ஃபிட் சோதனை அதற்கான முதல் வாசல். நுரையீரலுக்கு, நீண்ட காலம் அதிகம் புகைபிடித்தவர்களுக்கு மட்டும், குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுப்பதால் பயனில்லை.

வழிகாட்டுதல்கள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து ‘இவர்களுக்கே தெரியவில்லை’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் தடுப்பு மருத்துவத்துக்கான வல்லுநர் குழு 2012இல் பிஎஸ்ஏ ஸ்கிரீனிங் வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம் என்றது. மார்புப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு 2009இல் 50 வயது முதல் என்று சொன்னவர்கள் 2024இல் 40 முதல் என்றார்கள். புது ஆதாரம் வந்தபோது மாற்றினார்கள். மாறாமல் இருந்திருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நாள்பட்ட நோய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் எங்கள் லேபில் தினமும் ஓடும் சோதனைகளில் பாதி அவற்றுக்குத்தான். சர்க்கரைக்கு நீங்கள் பார்க்கும் எச்பிஏ1சி எண்ணை (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) எடுத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் 1993 வரை அமெரிக்க அரசின் நிதியில் முதல் வகைச் (டைப் 1) சர்க்கரை நோயுள்ள 1,441 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையைக் கெட்டியாகப் பிடித்து வைத்தால் கண் விழித்திரைப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைகிறது என்று அதில்தான் உறுதியானது. அந்தக் காலத்தில் ஒரே ரத்தத்தை வெவ்வேறு லேபில் கொடுத்தால் எச்பிஏ1சி வெவ்வேறாக வரும். ஆய்வின் முடிவை எல்லா ஊர் நோயாளிக்கும் பயன்படுத்த வேண்டுமானால் எல்லா மெஷினும் ஒரே மொழியில் பேச வேண்டுமே. அதற்காக 1996இல் ஒரு தரப்படுத்தும் திட்டம் தொடங்கி, மெஷின் தயாரிப்பாளர்களை அந்த ஆய்வின் அளவுகோலுக்கு இழுத்து வந்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 7.2 என்ற எண்ணுக்கு அர்த்தம் வந்தது அப்படித்தான்.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 577 பேரிடம் உணவு, உடற்பயிற்சி மாற்றங்களை ஆறு வருடம் சோதித்தார்கள். அந்தப் பழக்க மாற்றம் இதயநோய்ச் சாவையும் குறைத்தது என்று 2014இல்தான் எழுத முடிந்தது, முப்பது வருடக் கணக்கு 2019இல் வந்து அதை உறுதிசெய்தது. முப்பது வருடம் பொறுத்திருந்து, கடைசியில் விற்பதற்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்காத ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? பொதுப் பணம்தான் போட வேண்டும். இப்படிப்பட்ட ஆராய்ச்சியை வெட்டிச் செலவு என்று யாராவது சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

இனி எங்கள் லேபில் வரும் மாற்றங்கள். அடுத்த மாதம் முதல் பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடுதலாக இருக்கும். தொந்தரவு ஏதும் இருந்து வருகிறீர்களா, சும்மா பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்பது ஒன்று. ரத்த உறவில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, எந்த வயதில் என்பது இன்னொன்று. இளவயதில் பலருக்கு வந்த குடும்பம் என்றால் பொதுவான வயது வரம்பு உங்களுக்குப் போதாமல் இருக்கலாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிஏ 125, சிஇஏ, பிஎஸ்ஏ போன்ற ட்யூமர் மார்க்கர் சோதனைகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே செய்வோம். ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க அவை உண்மையிலேயே உதவும். அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

எச்பிஏ1சி கொடுக்க வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், ரத்தசோகை அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் கவுன்டரில் சொல்லிவிடுங்கள், எண் முன்னே பின்னே காட்டும்.

ஃபிட் கிட் வாங்கிப் போகிறவர்களுக்கு: மாதவிலக்கு நாட்களிலும் மூலத்தில் ரத்தம் கசியும்போதும் சாம்பிள் எடுக்க வேண்டாம். குச்சியின் நுனியில் உள்ள வரிப்பள்ளங்கள் நிறையும் அளவு போதும், அதிகம் வைத்தால் முடிவு கெடும். பாசிட்டிவ் வந்தால் ‘இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன்’ என்று வராதீர்கள், அடுத்த படி கொலோனோஸ்கோபிதான் (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலை உள்ளே பார்ப்பது). குப்பியின் மேல் பெயரும் சாம்பிள் எடுத்த தேதியும் எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுக் கிட் தருவோம்.

அன்புடன்,
ஆய்வக நிர்வாகம்