சரியான பிரிவுகளில் வழக்குப் பதியக் கோரி மனு

அனுப்புநர்:
தொகுப்பூதியச் செவிலியர், வட்ட அரசு மருத்துவமனை
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: பணியில் இருந்த என்னைத் தாக்கிய வழக்கில் பிரிவுகளை மாற்றவும், 74 வயது மூதாட்டியின் கையை முறித்ததற்குத் தனி வழக்குப் பதியவும் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு இரவுப் பணி. ஒன்பதரை மணி சுமாருக்கு ஒரு பாட்டியை அவர் மகன் பைக்கில் கூட்டி வந்தார். வலது மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றார் மகன். பாட்டி வாயே திறக்கவில்லை. மகனைச் சீட்டுப் போட்டு வர அனுப்பிய பிறகுதான், "விழல தாயி, அவன்தான் முறுக்குனான்" என்றார். தெரிந்த நபர் தாக்கியதாகப் பாட்டி சொல்வதை டூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது.

திரும்பி வந்த மகன் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கிழிக்கப் பாய்ந்தார். மறித்த என்னை டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி அடித்தார். இடது புருவத்துக்கு மேல் நாலு தையல். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, எங்கள் அவசரப் பிரிவில் ஒரு போர்டு மாட்டினார்கள். 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் வெளிவர முடியாது என்று அதில் இருக்கும். நான் விழுந்தது அந்த போர்டுக்குக் கீழேதான்.

ஆனால் எஃப்ஐஆரில் இருப்பவை பி.என்.எஸ். (ஐபிசிக்குப் பதில் வந்த புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2) இரண்டும்தான். கெட்ட வார்த்தை பேசியது, சாதாரணக் காயம் ஏற்படுத்தியது. தெருச் சண்டைக்கும் இதே பிரிவுகள்தானே ஐயா போடுவார்கள்? அன்றிரவே ஸ்டேஷன் பெயில். மறுநாள் காலை நான் பணி முடிந்து வெளியே வரும்போது அவர் எங்கள் கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் கேட்டதற்கு, "நீங்க தொகுப்பூதியம்தானேம்மா, அரசு ஊழியர்னு எப்படிப் போடறது?" என்றார்கள். அரசுப் பணியில் இருப்பவரோ அரசிடம் ஊதியம் வாங்குபவரோ பொது ஊழியர்தான் என்று பி.என்.எஸ். 2(28) சொல்கிறது. நிரந்தரமா, தொகுப்பூதியமா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் காயப்படுத்தினால் 121(1). பழைய ஐபிசி 332-இல் 3 ஆண்டாக இருந்த தண்டனை இதில் 5 ஆண்டு வரை போகிறது. பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவதற்கான 132-உம் பொருந்தும். சரி, அந்தச் சந்தேகம் தீரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். போர்டில் போட்டிருக்கும் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்துக்கு அந்தக் கேள்வியே எழாது. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் அது பாதுகாப்பு தருகிறது. அதையாவது சேர்த்திருக்கலாம்.

பாட்டியின் நிலைமை என்னுடையதைவிட மோசம். மருத்துவமனை அன்றிரவே நிலையத்துக்குத் தகவல் அனுப்பியும் அவர் பெயரில் எஃப்ஐஆரும் இல்லை, சிஎஸ்ஆரும் (புகார் பெற்றதற்கான ரசீது) இல்லை. "ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். மாவுக்கட்டோடு இரண்டு பஸ் மாறி அவர் எப்படி வருவார்? பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-இன்படி பெண்களை விசாரிக்க, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும். எலும்பு முறிந்தால் அது சாதாரணக் காயமும் இல்லை; பி.என்.எஸ். 116-இன்படி கொடுங்காயம், 117(2)-இன்படி 7 ஆண்டு வரை சிறை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறதே, கோட்டாட்சியரிடம் போகட்டும் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அது சோறு போட வைக்கிற சட்டம் ஐயா. கையை முறித்ததற்கு அங்கே என்ன செய்ய முடியும்?

அந்த மகனைப் பத்து வருஷம் உள்ளே வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. தண்டனையைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் எழுதுகிற பிரிவுதான் ஜாமீனையும் தீர்மானிக்கிறது, ஊரில் ராஜி பேச வருகிறவர்களின் தைரியத்தையும் தீர்மானிக்கிறது. என்னிடம் இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். காவல்துறை முனைந்தால் நடக்கும் என்பதும் தெரியும். தூத்துக்குடி முறப்பநாட்டில் 2023 ஏப்ரலில் விஏஓ ஒருவரை அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்ற வழக்கில், அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் தண்டனை வந்தது.

எனவே, என் வழக்கில் 121(1), 132 பிரிவுகளையும் 2008 சட்டத்தையும் சேர்த்து மாற்றறிக்கை (பிரிவுகளை மாற்றும் அறிக்கை) கோர்ட்டில் தாக்கல் செய்யவும், நிலையத்தில் பதியாத புகாரைத் தங்களிடம் தர வழிசெய்யும் பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்கீழ் பாட்டியின் மனுவை ஏற்று வழக்குப் பதியவும் உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாட்டியை மகன் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பெண் காவலர் ஒருவர் வீட்டிலேயே விசாரித்தால் நல்லது. அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய மனுவையும் இதோடு வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். வலது கையில் மாவுக்கட்டு இருப்பதால் இடது பெருவிரலை வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்

இணைப்பு: ஏ.ஆர். நகல்கள் 2, எஃப்ஐஆர் நகல், எக்ஸ்ரே அறிக்கை, மூதாட்டியின் மனு.