முத்துவேல் கோழையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘விசாரணை’ படம் வெளியாகிப் பத்து ஆண்டுகள் ஆனதையொட்டி சென்ற ஞாயிறு நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். வெற்றிமாறனின் இயக்கத்தையும் மறைந்த கிஷோரின் படத்தொகுப்பையும் மனம் திறந்து பாராட்டியிருந்தது, மகிழ்ச்சி. ஆனால் மேலதிகாரிகளுக்குப் பணிந்துபோகும் போலிஸ்காரராகச் சமுத்திரக்கனி நடித்த முத்துவேலை ‘கோழை’ என்று ஒரே சொல்லில் தள்ளியதும், ‘நல்லவேளை, நாம் சிங்கப்பூரில் இருக்கிறோம்’ என்று பெருமூச்சு விட்டு முடித்ததும் எனக்கு உறுத்தலாக இருந்தன.

படத்தில் ஆந்திராவின் குண்டூரில் நடக்கும் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளர்களைப் பிடித்துவந்து, யாரோ செய்த திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி உள்ளூர்ப் போலிஸ் அடிக்கிறது. ‘அடி தாங்காமல் தலையாட்டிய பிறகும் நீதிமன்றம் வரை இழுப்பது திரைக்கதையின் தொய்வு’ என்கிறார் உங்கள் கட்டுரையாளர். தொய்வெல்லாம் இல்லை. இந்தியாவில் போலிசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் அப்படிச் சொன்னது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் அதையே வைத்திருக்கிறது. ஆகவே அந்தப் பையன்கள் நீதிபதி முன்னால், தாமாக மனம் வந்து சொல்வதுபோலச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு அடியும் அதற்கான ஒத்திகை. போலிசை நம்பாமல் எழுதிய சட்டம், போலிஸ் கெட்டுப்போன ஊரில் அடியின் அளவைக் கூட்டிவிடுகிறது. படத்தில் என்னை மிகவும் கலங்கவைத்த விஷயம் இதுதான்.

இங்கே நிலைமை வேறு. சார்ஜண்ட் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நம் நீதிமன்றம் ஏற்கும். மிரட்டி வாங்கினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்னால், அதற்கென்றே வழக்குக்கு நடுவில் ஒரு தனி விசாரணை நடக்கும். மிரட்டவில்லை என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. அதாவது நம் சட்டம் போலிசை இந்தியாவைவிட அதிகமாக நம்புகிறது. அப்படியிருக்க, நல்லவேளை என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியுமா?

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வழக்கு விவரம் எதையும் எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். ஆனால் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் வாக்குமூலத்துக்கு முன் உட்கார்ந்திருக்கும் விதம் மட்டும் மறக்கவில்லை. ஆங்கிலத்தில் பதிவானதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். எதற்கெடுத்தாலும் “சரிக்கா, சரிக்கா” என்று தலையாட்டுவார்கள். “சரின்னு சொல்லாதே தம்பி, தப்பா இருந்தா தப்புன்னு சொல்லு” என்றால் விழிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, “அக்கா, இதுல போட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்களா?” என்று கேட்பார்கள். தவறே செய்யாதவர்களுக்கும் அதுதான் பயம். ஏஜண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் அப்படி.

குண்டூர் நீதிமன்றக் காட்சியை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அந்தத் தொழிலாளர்களில் ஒருவரான பாண்டியும் மற்றவர்களும் தமிழில் கதறுவது நீதிபதிக்குப் புரியவில்லை. வேறு வேலையாக அங்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல்தான் எடுத்துச் சொல்கிறார், விடுதலையும் கிடைக்கிறது. திரையரங்கில் கைதட்டியிருப்பார்கள். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டிய இடத்தில், தன் சொந்தக் காரியத்தோடு வந்த ஒரு போலிஸ்காரர் நிற்கிறாரே! காப்பாற்றியவர் அடுத்த நிமிடமே பதிலுக்கு ஓர் உதவி கேட்கிறார். கேகே என்ற ஆடிட்டரை மடக்கிக் கொண்டுபோக இவர்கள் கைகொடுக்கிறார்கள். அப்புறம் சென்னை போலிஸ் நிலையம், கேகே விஷயத்தில் மேலதிகாரிகள் பேசும், கேட்கக் கூடாத பேச்சு இவர்கள் காதில் விழுவது எல்லாம் அந்த உதவியின் தொடர்ச்சிதான்.

முத்துவேல் கெட்டவரல்லர். அவருக்கு மனசாட்சி இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை. மேலே இருப்பவர்களே பேரம் பேசுகிறார்கள், புகார் கொடுப்பதென்றால் அவர்களிடமே கொடுக்க வேண்டும். இதில் கோழை, வீரன் என்று என்ன இருக்கிறது?

இதே முடிச்சு நம் ஊரிலும் இருந்தது. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு சுமார் 400,000 வெள்ளி. கொள்ளையடித்தவர்களில் மூவர் போலிஸ் துப்பறிவாளர்கள்! ஊழலை விசாரிக்கும் பிரிவு அப்போது போலிசுக்குள்ளேயே இருந்தது. அது சரிப்படாது என்று புரிந்துதான் 1952ல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக வெளியே எடுத்தார்கள். இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமரே ஒரு விசாரணைக்கு அனுமதி மறுத்தாலும், அதிபர் இசைந்தால் தொடரலாம் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் கட்டுரையாளர் ‘நல்லவேளை’ என்றாரே, அதை வேளை கொண்டுவந்து கொடுக்கவில்லை. நம் இளையர்களுக்குப் பொங்கோல் என்றால் அடுக்குமாடி வீடுகளும் நீர்வழியும்தான். அந்த அபின் கதையையும் ஒரு ஞாயிறு இதழில் விரிவாகப் போடலாமே.

இன்னொரு குறை. படத்துக்கு மூலமான ‘லாக்கப்’ நாவலை எழுதியவர் மு. சந்திரகுமார், கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983ல் குண்டூரில் 13 நாள் லாக்கப்பில் கிடந்து அடிபட்டவர் அவர். வெனிஸ் திரைப்பட விழா, தேசிய விருது, ஆஸ்கர் பரிந்துரைக்கு இந்தியா அனுப்பியது என்று எல்லாவற்றையும் பட்டியலிட்ட கட்டுரையில் அவர் பெயரைக் காணோம். அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஈசூன்