ரெடிங்: ரயில் மாற மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் ரெடிங்குக்குக் கிடைத்தது ஒரே வரி: ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பஸ் பிடிக்கவும் ரயில் மாறவும் வசதியான ஊர். மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி அந்த ஊரைக் காலால் அளந்தவள் என்ற உரிமையில் மறுத்து எழுதுகிறேன். பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர் என்று அங்கே வந்து இறங்கும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர். சனிக்கிழமை வந்தால் அவர்களைக் காரில் ஏற்றி ஆக்ஸ்ஃபோர்டு, விண்ட்சர் என்று கூட்டிப் போகிறார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு ஜன்னலும் மழையும்தான். அவர்களுக்காகவும் இதைச் சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஃபோர்பரி பூங்கா. நடுவே ஒரு பிரம்மாண்டமான இரும்புச் சிங்கம். 1880இல் ஆப்கானிஸ்தானின் மைவாண்டில் நடந்த போரில் மாண்ட, பிரிட்டிஷ் ராணுவத்தின் பெர்க்ஷயர் படைப்பிரிவினரின் நினைவாக 1886இல் வைத்தது. கால்கள் தப்பாக அமைந்துவிட்டதென்று சிற்பி தற்கொலை செய்துகொண்டாராம், ஊரில் அப்படி ஒரு கதை. மனிதர் 1929 வரை இருந்தார்! கோயில் சிற்பிகளைப் பற்றி நாமும் இப்படிக் கட்டிவிட்ட கதைகள் கொஞ்சமா?

பூங்காவை ஒட்டியே பழைய கிறிஸ்தவ மடாலயத்தின் இடிபாடுகள். 1121இல் மன்னர் முதலாம் ஹென்றி நிறுவியது. அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தார், கடைசி மடாதிபதிக்கு மரண தண்டனை. செதுக்கிய கற்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை சக்கிமுக்கிக் கல் சுவர்கள். மன்னரின் கல்லறை சரியாக எந்த இடம் என்பது இன்றும் புதிர்தான். அடுத்த மதிலுக்குள், எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1897 வரை அடைபட்டிருந்த சிறை. தப்பிப் பிழைத்த மடத்து வாசல் கட்டடத்தில் முன்பு ஒரு பள்ளி நடந்தது. பின்னாளில் நாவலாசிரியரான ஜேன் ஆஸ்டின் சிறுமியாக அங்கே படித்தார்.

எனக்கு அதிகம் பிடித்தது டவுன் ஹால் அருங்காட்சியகம். இங்கிலாந்தின் மேல் நார்மன்கள் நடத்திய 1066 படையெடுப்பைச் சொல்லும் பேயோ சித்திரத் திரையின் முழு நகல், சுமார் 70 மீட்டர், அங்கே இருக்கிறது. 1880களில் லீக் என்ற ஊரின் பெண்கள் சேர்ந்து தைத்தது. தான் தைத்த பகுதிக்குக் கீழே அவரவர் பெயரையும் தைத்து வைத்திருக்கிறார்கள். மூலத்தில் அம்மணமாக நிற்கும் ஆளுக்கு இங்கே ஜட்டி! விக்டோரியா காலத்துக் கூச்சம்.

அங்கேயே பிஸ்கட் டின்கள் அடுக்கடுக்காக. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் 1822இல் லண்டன் தெருவில் சின்னக் கடையாகத் தொடங்கியது. எதிரே குதிரைக் கோச் வண்டிகள் நிற்கும் விடுதி. பயணிகளுக்கு விற்ற பிஸ்கட் நொறுங்காமலிருக்க டின்னில் அடைத்துக் கொடுத்தார்கள். 1841இல் ஜார்ஜ் பாமர் கூட்டுச் சேர்ந்தார், பிறகு ஆலை வந்தது. 1900 வாக்கில் அதில் 5,000 பேருக்கு மேல் வேலை. கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்துக்கும் இந்தப் பிஸ்கட்தான் போயிற்று. ஊர்க் கால்பந்து அணிக்கே 'பிஸ்கட்மென்' என்று பட்டப்பெயர் இருந்தது. 1976இல் அங்கே தயாரிப்பு நின்றுபோனது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பல்கலைக்கழகத்தின் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தையும் விடவேண்டாம். கலப்பையும் வண்டியும் நமக்குப் பழகியவைதானே. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஊரின் நடுப்பகுதியை ஒரு அகலச் சாலை அறுத்துக்கொண்டு போகிறது. கடைத்தெரு எந்த ஆங்கில ஊரிலும் காண்பதுதான். ஷாப்பிங் மாலில் அரைநாளைத் தொலைப்பதைவிட, 2015இல் திறந்த நடைபாலத்தில் தேம்ஸைக் கடந்து கேவர்ஷம் பக்கம் போய்வரலாம். 1,74,000 பேர் வாழ்ந்தும் ரெடிங் இன்னும் டவுன்தான். 'சிட்டி' என்ற நகர அந்தஸ்து கேட்டுப் பலமுறை விண்ணப்பித்தார்கள், 2022 உட்பட. கிடைக்கவில்லை.

லண்டனிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: பாடிங்டன் ஸ்டேஷனில் விரைவு ரயில் ஏறினால் அரைமணிக்குள் ரெடிங். எலிசபெத் லைன் என்ற ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். லண்டன் பயணத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை இவ்வளவு தூரம் செல்லாது. தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி