தந்திக் கம்பியில் இருந்த பனங்காடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடந்த நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். 2011 முதல் ஆண்டு தவறாமல் குளக்கரைகளில் நின்று எண்ணுகிறவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் புஞ்சைக்காட்டுப் பறவைகளை யார் எண்ணுகிறார்கள்? அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத்துக்கு ஆசிரியர் வேலைக்காகத் தினமும் திருச்செந்தூர் பாசஞ்சரில் போய் வருகிறேன். மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்திலிருந்தே இதுதான் என் தடம். அப்போது தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பங்கள் கூடவே வரும். கம்பியில் கரிச்சான் இருக்கும், பஞ்சுருட்டான் வரிசையாக இருக்கும், நடுநடுவே தலை பெருத்த ஒரு பறவை தனியாக உட்கார்ந்திருக்கும். பனங்காடை. செய்துங்கநல்லூர் தாண்டி ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்வதற்குள் எண்ணி முடிக்க ஒரு கை விரல்கள் போதாது. அதை யாரும் அபூர்வப் பறவை என்று நினைத்ததில்லை, நானும்தான். இன்று ஒரு வாரம் முழுக்க ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல் போனாலும் ஒன்று தட்டுப்படுவது நிச்சயமில்லை.

என் கண்ணில் மட்டும் படவில்லையோ என்று முதலில் நினைத்தேன். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. 942 பறவை இனங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, பனங்காடை பன்னிரண்டு ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறது. கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா என்று மூன்று மாநிலங்கள் தங்கள் மாநிலப் பறவையாக வைத்துக் கொண்டாடும் பறவையின் கதி இது.

சென்ற பங்குனியில் ஒருநாள் மாலை, எதிர்வண்டிக்காக ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வண்டி நெடுநேரம் நின்றது. ஜன்னலுக்கு நேரே, பத்தடி தூரம்கூட இருக்காது, வேலிக்கல்லில் ஒரு பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் மண்நிறந்தான். நெஞ்சில் வெளிறிய கோடுகள், உச்சந்தலையில் மட்டும் கொஞ்சம் நீலம். தலையைக்கூட அசைக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று இறங்கியது. இறக்கை விரிந்ததும் கருநீலமும் வெளிர்நீலமுமாகப் பட்டை பட்டையாக ஒரு மின்னல். வெட்டுக்கிளியோடு திரும்பி வந்து, கல்லில் நாலு அடி அடித்து விழுங்கிவிட்டு மறுபடியும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் பனையேறியாக இருந்தவராம். "இது பனங்காடைல்லா சார். மொட்டப்பனைப் பொந்துலதான் குஞ்சு பொரிக்கும். மொட்டப்பனைய எல்லாம் சூளைக்கு வெட்டி ஏத்திட்டா அது எங்கன போவும்?" என்றார். அவர் கேட்டதற்கு அப்போது மட்டுமல்ல, இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

பனங்காடைக்கு வேண்டியதெல்லாம் உட்கார்ந்து நோட்டம் பார்க்க ஒரு உயரம், பூச்சி மருந்து படாத வெட்டவெளி, முட்டையிட ஒரு பொந்து. பனைமரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆனால் தலை போன பனை செத்த மரந்தானே என்றுதான் நம்மில் பலரும் இன்னமும் நினைக்கிறோம். பனங்காடைக்கு அதுதான் பிரசவ அறை. காட்டோரம் நிற்கும் மொட்டைப்பனைகளை அப்படியே விட்டுவைக்கும்படி நில உடைமையாளர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் யாருக்கும் காசு செலவில்லை.

இன்னொரு வேண்டுகோள், என்னைப்போல் தினமும் ரயிலில் போகிறவர்களுக்கு. ஒரே தடம், ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே வேகம். கணக்கெடுப்புக்கு இதைவிட வாகான ஏற்பாடு கிடைக்காது. காலையில் போகும்போது இடப்பக்க ஜன்னல், மாலையில் திரும்பும்போது வலப்பக்கம். இரண்டும் வடக்குப் பார்த்தவை, கண் கூசாது. கம்பியில் நீலமாகத் தெரிவதெல்லாம் பனங்காடை அல்ல. நீண்ட சிவந்த அலகும் வெள்ளை மார்பும் தெரிந்தால் அது மீன்கொத்தி. சந்தேகமாக இருந்தால் எழுதாதீர்கள். எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் இடையே, எத்தனை மணிக்கு, எத்தனை என்று குறித்து, பறவைக் கணக்கைப் பதிவு செய்யும் ஈபேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். ஒன்றுகூடத் தென்படாத நாளையும் கட்டாயம் குறிக்க வேண்டும். இல்லை என்பதும் ஒரு கணக்குத்தான். வாசலில் தொங்கிக்கொண்டு பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

என் வகுப்பில் ரயிலில் வரும் ஏழு பிள்ளைகள் இந்த ஆடியிலிருந்து ஆளுக்கொரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். நேற்று மாலை தாதன்குளத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவில் மின்கம்பியில் ஒன்று. ஏழு நோட்டிலும் ஏறியிருக்கிறது.

இப்படிக்கு,
தினசரி ரயில் பயணி ஒருவர்,
பாளையங்கோட்டை.