சனிக்கிழமை மொட்டைமாடிக் கூடல்: சூடான திராட்சைச் சாறு

வணக்கம். 35 பேருக்கு ஆளுக்கு 120 மில்லி என்று கணக்கு. லாஸ்பேட்டையில் மழை விட்டாலும் ஈரக்காற்று விடாது, அதனால் பானம் கடைசி டம்ளர் வரை சூடாக இருக்க வேண்டும்.

பன்னீர் திராட்சை 3 கிலோ, தண்ணீர் 3 லிட்டர். எவர்சில்வர் அண்டாவிலேயே செய்யுங்கள். அலுமினியத்தில் புளிப்பு பட்டால் ருசி கெடும். 15 நிமிடம் வேகவைத்து மத்தால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், கொட்டை உடைந்து கசக்கும்.

விரல் நீளப் பட்டை 4, கிராம்பு 12, தட்டிய இஞ்சி 50 கிராம், 2 ஆரஞ்சுத் தோல். தோலின் உள்பக்க வெள்ளையைச் சீவிவிடுங்கள், அதுவும் கசப்புதான். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் முடிந்து சாற்றில் போட்டு, 400 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் 20 நிமிடம். கொதிக்க விடாதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். நேரம் முடிந்ததும் முடிச்சை எடுத்தே ஆக வேண்டும். கிராம்பு ஊறிக்கொண்டே இருந்தால் நாக்கு மரத்துப்போகும். பொடி போட்டால் சாறு கலங்கி, அடியில் வண்டல் தங்கும்.

பிளாஸ்கை முதலில் வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் சூடாக்குங்கள். நிறத்தைப் பார்த்து யாரும் ஒயின் என்று தயங்கக் கூடாது, 'மது இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இனிப்பில்லாத சுக்குமல்லிக் காப்பி தனி பிளாஸ்கில். குழந்தைகளுக்கு வெதுவெதுப்பாக ஆற்றியே கொடுங்கள். டம்ளர் கொண்டுவர முடிந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்.