வாயுதூத்தை மறக்காதவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக எழுதிவந்த வாயுதூத் விமான நிறுவனத்தின் வரலாற்றைப் போன வாரம் முடித்தேன். என் பெயரில் இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் நீங்கள் சொன்னவைதான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி நெய்வேலி ஐயாவுக்கு. விமானத்தளத்தில் தரைப்பணியில் இருந்தவர். சென்னையிலிருந்து நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் ஒரு காலத்தில் விமானம் வந்துபோனது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. வந்தது டார்னியர் 228 என்ற சின்ன விமானம். இரண்டு விசிறி, பத்தொன்பது இருக்கை. முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று எடைக் கணக்குப் பார்த்து உட்கார வைப்பதை ஐயா தரையில் குச்சியால் கோடு போட்டே காட்டினார். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலில் எதுவும் மறைக்காது, வயல் வரப்பெல்லாம் தெரியும் என்றார். அந்த மாலை நேரத்துப் பேச்சுதான் என் மூன்றாம் அத்தியாயம்.

அசாமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு அடுத்த நன்றி. வாயுதூத் பிறந்ததே வடகிழக்குக்காகத்தான் என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர். இந்தியன் ஏர்லைன்ஸ் ஜெட் விமானங்களுக்கு மாற மாற, சின்ன ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. மலை ஊர்களில் ஒரு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே நாள் கணக்கில் ஆகும். அதற்காக இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து 1981 ஜனவரியில் இதைத் தொடங்கின. திரிபுராவின் கைலாசஹர், கமால்பூர் போன்ற ஊர்களுக்கெல்லாம் விமானம் போனது. அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று எல்லாரும் கேட்க, ஆள் ஏறாத தடங்களும் சேர்ந்துகொண்டன. நஷ்டம் ஏறியது. 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்தார்கள். லாபம் பார்க்க முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டு லாபம் எங்கே என்று கேட்டது நியாயமில்லை என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

1988 அக்டோபர் 19 பற்றிப் பேச ஒப்புக்கொண்ட முன்னாள் மெக்கானிக் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அசாமின் சில்சாரிலிருந்து வந்த வாயுதூத்தின் ஃபோக்கர் விமானம் குவாஹாட்டி அருகே விழுந்து, அதிலிருந்த 34 பேரும் இறந்த நாள் அது. அதே காலையில் அகமதாபாத்திலும் பெரிய விபத்து நடந்ததால், இந்த 34 பேரைப் பற்றி நாடு அதிகம் பேசவில்லை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஐயா. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கணவரின் பழைய டிக்கெட்டுகளை மஞ்சள்பையில் பத்திரமாக வைத்திருந்து, நம்பிக் கொடுத்த தஞ்சாவூர் அம்மாவுக்கும், அவற்றைப் பொறுமையாகப் படமெடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. டிக்கெட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, அம்மா.

2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் விமான நிறுவனத்தின் டார்னியர் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பறந்தபோது, இந்தியாவில் தயாரான விமானம் முதன்முறையாகப் பயணிகள் சேவையில் என்று செய்தி வந்தது. நெய்வேலி ஐயா உடனே போன் செய்தார். "அப்போ நாங்க பார்த்தது என்ன விமானம், தம்பி?" என்றார். எச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனத்தின் கான்பூர் ஆலையில் செய்த டார்னியர்கள் 80களிலேயே வாயுதூத்தில் பறந்தவைதான். ஐயாவின் குரல் உடைந்திருந்தது. அன்றுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் பிரதி உங்களுக்குத்தான், நெய்வேலி ஐயா. தபாலில் போடவில்லை. தை பிறந்ததும் நேரில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி