மலை முழுக்க கடுகு, அறுக்கத்தான் ஆளில்ல

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அவரும் பாப்பாவும் நல்லா இருக்கோம். நீ முட்டிக்குத் தைலம் தேய்க்கிறியா, அப்பா மாத்திரைய நேரத்துக்குப் போடுறாரா? ஞாயித்துக்கெழம நான் அனுப்புன மஞ்சப் பூ மலை போட்டோவப் பாத்துட்டு "ஏத்தா, இவ்வளவு கடுகையும் யாரு அறுப்பா, ஆளு கெடைக்குமா"ன்னு கேட்ட, பதில் சொல்றதுக்குள்ள போன் கட்டாயிருச்சு. ரெண்டு நாளா அதே நெனப்புதான், அதான் ஒக்காந்து விவரமா எழுதுறேன்.

அது யாரும் வெதைச்சது இல்லம்மா. அறுக்கவும் ஆளு வராது. எங்க வீட்டுலருந்து காருல இருபது நிமிஷத்துல சினோ ஹில்ஸ்னு ஒரு மலைப் பூங்கா இருக்கு, இங்க கலிஃபோர்னியாவுல மழை நம்ம மார்கழி, தை, மாசியிலதான், அது முடிஞ்சு பங்குனி பொறந்தா மலையே மஞ்சளாயிரும். மொத வருஷம் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, ஊர விட்டு வந்து ஏழு மாசம் ஆயிருந்துச்சு, ஒரு பூவப் பிச்சு வாயில போட்டேன், கடிச்ச ஒடனே மூக்குல ஏறுச்சு பாரு, நீ ஊறுகாய்க்குக் கடுகு அரைக்கிறப்ப அடுப்படியில வருமே அதே நெடி. நாலே நாலு இதழு, சிலுவை மாதிரி. காயெல்லாம் தண்டோட ஒட்டி நிமுந்து நிக்கும். செடி என் தலைக்கு மேல வளந்திருக்கு, பாப்பா உள்ள பூந்தா தேடித்தான் புடிக்கணும்.

இதுக்குப் பேரு பிராசிக்கா நைக்ரா, கருப்புக் கடுகு. நைக்ரான்னா லத்தீன்ல கருப்பு. அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்கும், படிச்சுக் காட்டு: 1753ல லின்னேயஸ்னு ஒரு சுவீடன் தாவர அறிஞரு இதுக்கு சினாபிஸ் நைக்ரான்னு பேரு வச்சாரு. அப்புறம் 1833ல கோக்னு ஒரு ஜெர்மன்காரரு இது முட்டைக்கோஸ் இருக்குற கூட்டத்தச் சேந்ததுன்னு பிராசிக்காவுக்கு மாத்திட்டாரு. மாத்துனாலும் மொதல்ல பேரு வச்சவர அழிக்க மாட்டாங்க, அடைப்புக்குறிக்குள்ள எல்னு ஒத்த எழுத்தா லின்னேயஸ் இருப்பாரு, வெளிய கோக் பேரு நிக்கும். கல்யாணம் ஆகிப் போனாலும் பொறந்த வீட்டு இனிஷியல் கூடவே வருமே, அந்த மாதிரி.

நம்ம அஞ்சறைப்பெட்டியில இருக்குறது பெரும்பாலும் இது இல்ல, அது பிராசிக்கா ஜுன்சியா. ஆனா சொந்தம்தான், கிட்டத்து சொந்தம். இந்தக் கருப்புக் கடுகும் டர்னிப் வகைச் செடியும் எந்தக் காலத்துலயோ கலந்து பொறந்ததுதான் நம்ம கடுகு. ஜப்பான்ல வேலை பாத்த ஊ ஜாங்-சுன்னு ஒரு விஞ்ஞானி 1935ல இத எழுதி வச்சாரு, கருப்புக் கடுகுக்கு குரோமோசோம் 8 ஜோடி, டர்னிப்புக்கு 10 ஜோடி, நம்ம கடுகுக்கு ரெண்டையும் கூட்டி 18. நீ எண்ணெயில போட்டு வெடிக்க விடுற கடுகப் பெத்ததுல ஒண்ணு இந்த மலையில நிக்குதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சும்மா.

ஆனா இது இந்த ஊரு செடி இல்ல. மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. ஸ்பெயின் பாதிரியாருங்க 1769ல சான் டியாகோவுல ஆரம்பிச்சு 1823ல சோனோமா வரைக்கும் 21 மிஷன், அதாவது சர்ச்சோட சேந்த குடியிருப்பு, கட்டுனாங்க, வழி தெரியணும்னு போற பாதை நெடுக கடுகத் தூவிக்கிட்டே போனாங்கன்னு இங்க எல்லாரும் கதை சொல்லுவாங்க. கேக்க அழகாத்தான் இருக்கு. என்னைக் கேட்டா, தானியத்தோடயும் தீவனத்தோடயும் கலந்து வந்த வெதையே போதும்.

வந்தது சும்மா இருக்கல. மத்த செடிய மொளைக்க விடாத சத்து இதோட இலையிலயும் தண்டுலயும் இருக்கு. இந்த மலைக்குச் சொந்தமான சேஜ் புதரு, இலையக் கசக்குனா கையெல்லாம் மணக்கும், அது எடமில்லாமப் போகுது. அதுலதான் சாம்பக் கலர்ல ஒரு பொடிக் குருவி கூடு கட்டும், பூனைக்குட்டி கத்துற மாதிரியே கத்தும், 1993லயே அத அழிவு ஆபத்துல இருக்குற பறவைன்னு அரசாங்கம் பட்டியல்ல சேத்துருச்சு. வைகாசி ஆனி வந்தா கடுகெல்லாம் காஞ்சு சருகா நிக்கும், ஒரு பொறி போதும், மலை பத்திக்கும். சேஜ் திரும்பி வர வருஷமாகும், கடுகு வெதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா உசுரோட கெடந்து அடுத்த மழைக்கே எந்திரிச்சிரும்.

அதான் இப்ப சனிக்கெழம சனிக்கெழம தன்னார்வலருங்களோட புடுங்கப் போறேன். மொத நாளு மண்ணு காஞ்சு கெடந்துச்சு, இழுத்தா தண்டு மட்டும் ஒடிஞ்சு கையோட வந்துச்சு, வேரு உள்ளயே நின்னுருச்சு. மழை பெஞ்ச மறுவாரம் போனோம், அடியில கொத்தாப் புடிச்சு மெல்ல ஆட்டி இழுத்தா வெள்ளை வேரு முழுசா வழுக்கிக்கிட்டு வருது, ஈர மண்ணு வாசத்தோட கடுகு நெடியும் சேந்து வருது. அந்த வாசம் வர்றப்பல்லாம் உன் ஞாபகம்தான், பூத்த செடியத் தூக்கிப் போட மனசே வரல, ஆனாலும் போட்டேன், காய் முத்துறதுக்குள்ள எடுத்தாத்தான் உண்டு.

பாலைவனப் பக்கம் இன்னொரு கடுகு இருக்கு, சஹாரா கடுகு, டூர்னஃபோர்ங்குற பிரெஞ்சுக்காரர் பேரத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. 1927லயே கோச்செல்லா பள்ளத்தாக்குல பாத்துருக்காங்க. காஞ்சதும் செடியே காத்துல உருண்டு வெதையக் கொட்டிக்கிட்டுப் போகும், ஈரம் பட்டா வெதை பிசுபிசுன்னு கார்ல ஒட்டிக்கிட்டும் போகும்.

உனக்கு இதெல்லாம் புதுசு இல்ல. நம்ம கண்மாய்க்குள்ள சீமக்கருவ பூந்த கதைதான். அது இந்தக் கண்டத்துலருந்து நம்ம ஊருக்கு வந்துச்சு, கடுகு அந்தப் பக்கத்துலருந்து இங்க வந்துருக்கு. அப்பாகிட்ட சொல்லு, கருவைக்கும் 2022ல பேர மாத்திட்டாங்க, புரோசோபிஸ் இல்லையாம், நெல்ட்டுமாவாம்.

கோடை மழை ஒண்ணு பெஞ்சா நம்ம காட்டுல கருவக் கன்னு மொளைக்கும்ல, ஈரம் காயறதுக்குள்ள ஆளு வச்சு வேரோட புடுங்கச் சொல்லும்மா. நீ குனியாத, முட்டிக்கு ஆகாது.

இப்படிக்கு,
உன் மக